மூன்றாவது வரியில் கொச்சி

ஜாம்நகருக்குப் போகவேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. ஆனால் என் கையால் எழுதிக் கேட்டு வாங்கிய ஊர் அதுதான். யாரையும் குறை சொல்ல வழியில்லை. உனக்கு எங்கே போகவேண்டும், மூன்று இடம் எழுது என்று கடற்படை என்னிடம் மரியாதையாகக் கேட்டது. நானும் எழுதினேன். முதலில் எழுதியதையே கொடுத்துவிட்டார்கள். இப்படி ஒரு அநியாயம் எங்கேயாவது உண்டா, சொல்லுங்கள்.

அது ஏன் அநியாயம் என்பது புரியவேண்டுமானால் மேச்சேரிச் சந்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் அப்பா அங்கே ஆட்டுத் தரகர். எங்கள் பக்கத்துச் செம்மறிக்குக் கொம்பும் கிடையாது, கம்பளியும் கிடையாது. செம்பழுப்பு நிறத்தில் மொழுமொழுவென்று இருக்கும். கறிக்கும் தோலுக்கும் பேர் போனது. வாரச்சந்தை அன்று விடிவதற்குள் வியாபாரிகள் வந்து இறங்கிவிடுவார்கள். விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் அப்பா நிற்பார். துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அது எல்லாச் சந்தையிலும் உள்ளதுதான்.

நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடப்பது. எங்கள் சந்தையில் தனக்கு வேண்டிய ஆட்டை யாரும் முதலில் தொடமாட்டார்கள். முதலில் ஒரு மெலிந்த கிடாவைக் காட்டி விசாரிப்பார்கள். வயது என்ன, பல் எத்தனை, தாய் யாருடையது என்று அதைப் பற்றி வெகுநேரம் அக்கறையாகப் பேசுவார்கள். அப்புறம் ஒரு கிழட்டு ஆட்டைக் கேட்பார்கள். அதையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, கிளம்புகிறவர் மாதிரி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே, "அந்தப் பெட்டை என்னுங்க சொல்றீங்க? போனாப் போகுது, அதையாச்சும் புடிச்சுக் குடுங்க" என்பார்கள். மூன்றாவதாகக் கேட்டதுதான் கேட்டது. விற்கிறவருக்கும் அது தெரியும். தெரியும் என்பது வாங்குகிறவருக்கும் தெரியும். இருந்தாலும் அந்த வரிசையில்தான் கேட்கவேண்டும். நேராகப் போய் "இது வேணும்" என்று ஒருவன் கேட்டுவிட்டால் அவன் வெளியூர்க்காரன், இல்லாவிட்டால் விவரம் பத்தாதவன்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா போய்விட்டாள். அப்புறம் வீட்டில் நானும் அப்பாவும்தான். சந்தைப் பேச்சு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது, அல்லது எப்போதும் அப்படித்தான் இருந்ததோ, அம்மா நடுவில் இருந்ததால் எனக்குத் தெரியாமல் போயிற்றோ. அப்பா வெளியிலிருந்து வந்ததும், "வெறகு காஞ்சிருக்குதா சாமி?" என்பார். "பானையில தண்ணி இருக்குதா?" என்பார். அப்புறம் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "உனக்குப் பசிக்குதா?" என்பார். அவருக்குப் பசிக்கிறது என்று அர்த்தம். நான் எழுந்துபோய் களியைக் கிண்டுவேன். பொங்கலுக்கு எனக்குச் சட்டை வேண்டுமென்றால் முதலில் குடை கேட்பேன், அப்புறம் செருப்பு கேட்பேன். குடையும் செருப்பும் வராது, சட்டை வந்துவிடும். இரண்டே பேர் இருக்கிற வீட்டில் இவ்வளவு சுற்று எதற்கு என்று இப்போது கேட்கலாம். எங்களுக்கு வேறு பேச்சுத் தெரியாது.

ஐம்பதுகளின் கடைசி அது. மேட்டூரில் பள்ளி இறுதி வகுப்பு முடித்திருந்தேன். மேட்டூரில் படித்த பையன்களுக்கெல்லாம் அணைக்கட்டிலோ கம்பெனியிலோ வேலைக்குப் போகவேண்டும் என்றுதான் ஆசை. கம்பெனி வாசலில் நின்று நின்று பார்த்துவிட்டேன். ஒருநாள் தபால் ஆபீஸ் சுவரில் கடற்படைக்குப் பையன்கள் தேவை என்று ஒட்டியிருந்தது. படத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பையன் எங்கேயோ தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எதைப் பார்க்கிறான் என்று தெரியவில்லை. அந்தப் பையனாக நான் இருக்கலாமே என்று தோன்றியது. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. பதினாறு வயதில் காரணம் எதற்கு?

ஆள் எடுப்பவர்கள் சேலத்துக்கு வந்திருந்தார்கள். உயரம் அளந்தார்கள், நெஞ்சை விரிக்கச் சொன்னார்கள், பல்லைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் சந்தையிலும் அப்படித்தான் பார்ப்பார்கள். கடலைப் பார்த்திருக்கிறாயா என்று அதிகாரி கேட்டதைப் பக்கத்தில் இருந்தவர் தமிழில் சொன்னார்.

"இல்லைங்க. டேம் பாத்திருக்கறனுங்க. நல்லா நீச்சலடிப்பனுங்க."

என்னை எடுத்துக்கொண்டார்கள். அப்பாவின் சம்மதக் கையெழுத்துதான் பாக்கி.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் போகவும் வேண்டும், அப்பா என்னைப் போகவிடாமல் கொஞ்சம் தடுக்கவும் வேண்டும். ஒரு வாரமாவது கோபித்துக்கொள்வார், அழுதாலும் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பேரை எழுதுவதைத் தவிர அவருக்கு எழுத்துத் தெரியாது.

"சோறு அவங்களே போட்டுருவாங்களா?"

"போடுவாங்கப்பா."

"துணிமணி?"

"எல்லாம் அவங்களே."

"எத்தன வருசத்துக்கு?"

"பதனெட்டு வயசு முடிஞ்சதுல இருந்து பத்து வருசமுங்கப்பா."

"போறதுன்னாப் போ. இங்க என்ன இருக்குது, ஆட்டுப் புழுக்கதான்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதானா நான்? அன்று கோபத்தில் நான் அவர் கேட்ட கேள்விகளின் வரிசையை எண்ணவில்லை.

சேலம் ஜங்ஷனுக்கு அப்பா வந்தார். மெட்ராஸ் போய் அங்கிருந்து விசாகப்பட்டினம் போகவேண்டும். என்னோடு சேலம் டவுன் பையன் ஒருவனும் வந்தான், கத்தோலிக்கக் குடும்பம். அவனை வழியனுப்ப அவன் அம்மா, அப்பா, தங்கைகள், சித்தப்பா, சர்ச்சிலிருந்து நாலு பேர் என்று ஒரு கூட்டமே வந்திருந்தது. எல்லோரும் அவனைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவனும் கூச்சமில்லாமல் அழுதான். நானும் அப்பாவும் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று அதை வேடிக்கை பார்த்தோம்.

ரயில் வந்து நின்ற பிறகு அப்பா சொன்னார்: "வடக்க எல்லாம் நல்ல கம்பளி கெடைக்குமாமா. வந்தா ஒண்ணு வாங்கியா."

"சரிங்கப்பா."

கொஞ்சநேரம் எஞ்சினைப் பார்த்தார். "தொப்பி சட்டை எல்லாம் குடுத்த பொறகு ஒரு போட்டோ புடிச்சு அனுப்பு."

"சரிங்கப்பா."

நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கார்டு விசில் ஊதினார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கிளம்புகிறவர் மாதிரி ஒரு எட்டு வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "லீவு கீவு உட்டாங்கன்னா, போனாப் போகுது, ஒருக்கா ஊட்டுக்கு வந்துட்டுப் போ சாமி."

நான் மேச்சேரிக்காரன். அவர் கேட்டது எது என்று எனக்குத் தெரியாதா? காட்பாடி வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு போனேன். சேலத்துப் பையன் அவன் அம்மா கட்டிக்கொடுத்த பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் பாதி கொடுத்தான்.

விசாகப்பட்டினத்தில் கடலைப் பார்த்தேன். அக்கரை இல்லாத தண்ணீரை அன்றுதான் பார்த்தேன், எனக்குப் பிடிக்கவில்லை. மேட்டூரில் நீந்தினால் எதிரே ஒரு மலை இருக்கும், அதைப் பார்த்து நீந்தலாம். இங்கே எதைப் பார்ப்பது? பயிற்சி ஒரு வருடம். அணிவகுப்பு, முடிச்சுப் போடுவது, துடுப்புப் போடுவது, தரையைத் தேய்ப்பது, மறுபடியும் தரையைத் தேய்ப்பது. கொடியை ஆட்டிச் சைகை காட்டுவதில் மட்டும் நான் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தேன். நடுவில் ஊருக்குப் போக விடுமுறை வந்தது. பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். எங்கள் தங்குமிடத்தில் இரண்டு பையன்களுக்கு அம்மை போட்டு, எல்லோரையும் உள்ளேயே வைத்துவிட்டார்கள். பெட்டியை அவிழ்த்தேன்.

அப்பாவிடமிருந்து கார்டு வரும். தபால்காரர்தான் எழுதிக்கொடுப்பார். "இங்கு அனைவரும் நலம். நீ எங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்." அனைவரும் என்பது அப்பா ஒருத்தர்தான். தபால்காரர் எல்லாக் கார்டிலும் எழுதுகிற மாதிரி எழுதியிருப்பார். அந்த அனைவரும் என்ற சொல்லைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு வீட்டில் ஒற்றை ஆளாக அவர் களி கிண்டுவது கண்ணில் வரும். அழமாட்டேன். கழிப்பறைக்குப் போய் வருவேன்.

பயிற்சி முடிகிற சமயம்தான் அந்தப் படிவம் வந்தது. அடுத்து ஒரு தொழில் படிக்கவேண்டும், அது நடக்கிற ஊரில் முதலில் வேலையும் போடுவார்கள். கொடிச் சைகையும் தந்தியும் படிப்பதென்றால் கொச்சி. மின்சார வேலை என்றால் ஜாம்நகர். எஞ்சின் வேலை என்றால் லோனாவாலா. கீழே மூன்று வரிகள். விருப்பத்தின் வரிசைப்படி எழுதவும் என்று போட்டிருந்தது.

கொச்சியிலிருந்து சேலத்துக்கு ஒரே ரயில். மாலையில் ஏறினால் காலையில் சேலம், பத்து மணிக்குள் மேச்சேரி. மூன்று நாள் லீவு கிடைத்தால்கூட ஓடிப்போய் வந்துவிடலாம். அப்பா கேட்டதை வருடத்துக்கு நாலு தடவை கொடுக்கலாம். எனக்கு ராத்திரி பகல் இதே நினைப்பு. கொடிச் சைகையில் மதிப்பெண்ணும் இருக்கிறது. கொச்சி என்று முதல் வரியில் எழுதினால் முடிந்தது.

எழுதவில்லையே. என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி உட்கார்ந்திருந்தார், மீசையை முறுக்கிக்கொண்டு. இந்தப் பக்கம் நான். எனக்கு அது சந்தையாகத்தான் தெரிந்தது. கொச்சிமேல் எனக்கு இவ்வளவு ஆசை இருப்பது இவருக்குத் தெரிந்தால் தருவாரா? முதல் வரியில் கொச்சியைப் போடுவது, நல்ல பெட்டையின் முதுகில் நேராகக் கையை வைப்பது மாதிரி. அப்படி என் பரம்பரையில் யாரும் செய்ததில்லை. சுவரில் தேச வரைபடம் மாட்டியிருந்தது. சேலத்திலிருந்து சாண் போட்டு அளந்தேன். மூன்றில் ஜாம்நகர்தான் எல்லாவற்றையும்விடத் தூரம். யாரும் கேட்கமாட்டார்கள், கேட்டாலும் தரமாட்டார்கள் என்று நினைத்து அதை முதலில் எழுதினேன். இரண்டாவது லோனாவாலா. மூன்றாவது வரியில் கொச்சி என்று எழுதும்போது, அக்கறை இல்லாதவன் எழுதுவதுபோல் இருக்கட்டும் என்று எழுத்தைக்கூடக் கொஞ்சம் கோணலாகப் போட்டேன். அந்தக் கோணலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பட்டியல் படித்த அன்று அதிகாரி என்னை முன்னால் வரச்சொன்னார். ஜாம்நகரைத் தானாக விரும்பிக் கேட்ட பையன் இந்த வருடம் நீ ஒருவன்தான், கேட்டதே கிடைத்திருக்கிறது, அதிர்ஷ்டசாலி என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் போய், ஐயா, மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீதானே எழுதினாய் என்றார். நான்தான் எழுதினேன் என்றேன். யாராவது மிரட்டி எழுதவைத்தார்களா என்றார். இல்லை என்றேன். அப்புறம் என்ன என்றார். என்னத்தைச் சொல்வது? கிடா, கிழட்டு ஆடு, பெட்டை என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

சேலத்துப் பையனுக்குக் கொச்சி. அவன் முதல் வரியில் கொச்சி என்று எழுதியிருந்தான்.

"நீ எதுக்குடா ஜாம்நகர் எழுதின?"

சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, அதுதான் அவனிடம் எனக்குப் பிடித்தது. "வேணும்னா வேணும்னு எழுத வேண்டியதுதானேடா. நாங்க சாமிகிட்டயே நேராத்தான் கேப்போம்" என்றான்.

ஜாம்நகரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நல்ல ஊர். ஒட்டகம் போகும். உப்பளம் வெயிலில் பளபளக்கும். குளிர்காலத்தில் பல் கிட்டிக்கும். எங்கள் வகுப்பில் தமிழ் பேச ஒருத்தர் இல்லை. முதல் மாதம் இந்தி புரியவில்லை, இரண்டாம் மாதம் புரிந்தது, ஆனால் பேசுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றப் பையன்கள் கும்பலாக ஊருக்குள் போவார்கள். நான் சலவைத் துணிகளோடு தங்கிவிடுவேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் யாரும் இல்லாத இடம் ஒன்று உண்டு. அங்கே நின்று துவைத்துக்கொண்டே சத்தமாகத் தமிழ் பேசுவேன். "வெறகு காஞ்சிருக்குதா? தண்ணி இருக்குதா?" என்பேன். யாராவது பார்த்தால் பைத்தியம் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள். மூன்றாவது கேள்வியை மட்டும் கேட்கமாட்டேன்.

சீருடையில் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். கடைத்தெருவில் ஒரு கம்பளியும் வாங்கி வைத்தேன். முரட்டுக் கம்பளி, கறுப்பும் வெள்ளையும் கலந்தது. முதல் இரண்டும் ஆயிற்று. அவர் உண்மையில் கேட்காத இரண்டும்.

எட்டு மாதம் கழித்து சேலத்துப் பையனிடமிருந்து கடிதம் வந்தது. லீவில் ஊருக்கு வந்தவன் பஸ் ஏறி மேச்சேரிக்குப் போய் என் அப்பாவைப் பார்த்திருக்கிறான். அப்பா அவனை உட்காரவைத்துக் கறிக்குழம்பு வைத்துப் போட்டிருக்கிறார். கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தான்: "கொச்சி எவ்வளவு தூரம், ஜாம்நகர் எவ்வளவு தூரம் என்று கேட்டார். சொன்னேன். அவ்வளவு தூரத்தில் எதற்குப் போட்டார்கள் என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. அவனேதான் முதலாவதாக எழுதிக் கேட்டான் என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவர் அதிகம் பேசவில்லை. மன்னித்துக்கொள்."

அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பெற்ற பிள்ளை தன்னைவிட்டு எட்டாத தூரமாகப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான் என்று அல்லவா அவர் நினைத்துக்கொண்டிருப்பார். வாசலில் வந்து நிற்கிறவர்களிடம் என்னைப் பற்றி என்ன சொல்வார்? எழுதி விளக்கலாம் என்றால், கடிதத்தைத் தபால்காரர் படித்துச் சொல்லவேண்டும். ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதைவிட, எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் இப்படி எல்லாம் எழுதிக்கொண்ட வழக்கமே இல்லை. "நான் நலம். குளிர் அதிகம்" என்று எழுதிப்போட்டேன். பதில் கார்டு வந்தது. இங்கு அனைவரும் நலம் என்று இருந்தது.

லீவு கிடைக்க மேலும் ஐந்து மாதம் ஆயிற்று. ஜாம்நகரில் ஏறி, விரம்காமில் மாறி, பம்பாயில் மாறி, அரக்கோணத்தில் மாறி, சேலத்தில் இறங்கினேன். உடம்பெல்லாம் கரிப்புகை. அன்று சந்தை நாள். பஸ்ஸைவிட்டு இறங்கி, கம்பளி மூட்டையோடு நேராகச் சந்தைக்கே போனேன். அப்பா ஒரு வியாபாரியின் விரலைத் துண்டுக்குள் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். விரலை விடவில்லை, பேரத்தை முடித்துவிட்டுத்தான் வந்தார். தாடையெலும்பு தெரிய இளைத்திருந்தார்.

"ரயில்ல கூட்டமா சாமி?"

"இல்லைங்கப்பா."

"மூட்டைல என்ன?"

"கம்பளிங்கப்பா. நீங்க கேட்டீங்கல்ல."

அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். சித்திரை மாத வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. "நல்லாருக்குது" என்றார். பக்கத்தில் இருந்தவர்களிடம் என் பையன் என்று சொல்ல, சட்டைப் பையிலிருந்து என் போட்டோவை எடுத்துக் காட்டினார். நான் எதிரில் நிற்கிறேன், போட்டோ எதற்கு? அதை வாங்கிப் பார்த்தேன். வியர்வை பட்டுப் பட்டு முகம் முழுக்க அழிந்து, தொப்பி மட்டும் மிஞ்சியிருந்தது.

வீட்டுக்கு வந்து நான்தான் களி கிண்டினேன். சாப்பிட்டு முடிக்கும்வரை ஜாம்நகர்ப் பேச்சு வரவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, வட்டிலைக் கவிழ்த்து வைத்தபடி அப்பா கேட்டார்: "அந்தச் சேலத்துத் தம்பி சொல்லுச்சு. அந்த ஊர நீயாத்தான் மொதல்ல எழுதுனியாமா?"

"ஆமாங்கப்பா."

"மூணாவது எதெ எழுதுன?"

இத்தனை மாதமாக நான் சொல்லமுடியாமல் செத்துக்கொண்டிருந்ததை அவர் ஒரே கேள்வியில் தொட்டுவிட்டார். என்னால் அடக்கமுடியவில்லை. "கொச்சிங்கப்பா" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். பதினெட்டு வயதுப் பையன், அரசாங்கச் சிப்பாய், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன்.

அப்பா, "அப்படித்தான் இருக்குமின்னு நெனச்சேன்" என்றார். அப்புறம், "அவங்களுக்கு யாவாரம் தெரியாதாட்ட இருக்குது" என்றார்.

"அங்கெல்லாம் மொதல்ல என்ன எழுதறமோ அதத்தான் குடுப்பாங்களாமுங்கப்பா."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்குமுங்க."

அதைக் கேட்டு அவர் ஆச்சரியப்பட்ட மாதிரி எதற்கும் ஆச்சரியப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. ஆடுகளுக்குத் தழை போடும்போது தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார்.

பதினோரு நாள் இருந்தேன். கம்பளியை அப்பா அந்த வெயிலிலும் தினமும் மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டார். கிளம்புகிற அன்று காலையில் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். பஸ்ஸைக் காணோம். இரண்டு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். நான் காத்திருந்தேன். இந்தத் தடவை முதலில் என்ன கேட்பார், இரண்டாவதாக என்ன கேட்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை செருப்புக் கேட்கலாம், நல்ல கத்திரிக்கோல் கேட்கலாம்.

"நீ சொன்னியே, அங்க மொதல்ல எழுதறதத்தான் குடுப்பாங்கன்னு."

"ஆமாங்கப்பா."

"அப்ப நானும் மொதல்லயே கேட்டுப் போடறேன்." தோளிலிருந்த துண்டை எடுத்தார். எடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"போவாத சாமி."

பழக்கதோஷம், இரண்டாவதும் மூன்றாவதும் வரும் என்று நின்றேன். வரவில்லை. அவர் கேட்கவேண்டியதைக் கேட்டு முடித்துவிட்டார். பதினாறு வயதில் அந்தக் காகிதத்தை நீட்டிக்கொண்டு நின்றபோது இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் ஏங்கினேன். அன்றைக்கு அவரும் நானும் மேச்சேரிக்காரர்களாகவே இருந்துவிட்டோம்.

"பத்து வருசமுங்கப்பா. கையெழுத்துப் போட்டுட்டனுங்களே."

"தெரியுது. நாந்தான கூடப் போட்டேன்" என்றார்.

பஸ் வந்தது. என் பெட்டியை அவரே மேலே ஏற்றினார். உட்கார்ந்தபின் திரும்பிப் பார்த்தேன். துண்டு இன்னும் கையில்தான் இருந்தது.

ஜாம்நகருக்குத் திரும்பிய இரண்டாவது மாதம் அடுத்த வேலையிடத்துக்கான படிவம் வந்தது. அதே மாதிரி மூன்று வரிகள், விருப்பத்தின் வரிசைப்படி எழுதவும். இந்தத் தடவை யோசிக்கவில்லை, கோணலாக எழுதவில்லை. முதல் வரியில், படிக்கிறவனுக்குச் சந்தேகமே வராதபடி பெரிய எழுத்தில் எழுதினேன். மற்ற இரண்டு வரிகளையும் காலியாக விட்டுவிட்டேன். குமாஸ்தா படித்துப் பார்த்தார். மேச்சேரியா, அது எந்தக் கடற்கரையில் இருக்கிறது என்று கேட்டார். அங்கே கடல் கிடையாது என்றேன். துறைமுகம்? கிடையாது. அப்புறம் என்னதான் இருக்கிறது என்றார்.

அவர் அந்தத் தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு வேறு படிவம் கொடுத்தார்.